எந்தப் பேட்டை நல்ல பேட்டை?

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் நம் சங்கத்துக்கு வரும் கடிதங்களுள் பாதிக்குமேல் வீடு தேடும் கடிதங்களாகவே இருக்கும். மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும், தில்லி வெயிலைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கேட்பவர்கள் முன்பெல்லாம் மிகுதி. இப்போது அனைவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: "எந்தப் பகுதி பயமில்லாத பகுதி?"

இம்மாதம் மதுரையிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். அவருக்குத் தலைநகரில் வேலை. மகளுக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் இடம். நகரின் பகுதிகளைப் பாதுகாப்பு வரிசையில் அடுக்கிய பட்டியல் ஒன்றை எங்கிருந்தோ பெற்றுக் கடிதத்துடன் இணைத்திருக்கிறார். "நம்மவர் பலர் வசிக்கும் பேட்டை இதில் கடைசியில் இருக்கிறதே! வயதுவந்த பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே குடிவரலாமா?" என்பது அவர் வினா. தந்தையின் கவலை நியாயமானது. அதனை எள்ளி நகையாடாமல், அந்தப் பட்டியலை முதலில் ஆராய்வோம்.

நம் நாட்டில் குற்றக் கணக்கு ஆண்டுதோறும் நூலாக வெளிவருகிறது. 1953-ஆம் ஆண்டின் கணக்கிலிருந்து இப்பணி நடைபெறுகிறது. 1986-இல் தோன்றிய தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இப்போது அதனைச் செய்துவருகிறது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களையுடைய 19 பெருநகரங்களுக்கு அதில் தனி அட்டவணை உண்டு. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, கல்கத்தாவில் இலட்சம் பேருக்கு 86.5 குற்றங்கள், புனேயில் 280.7, ஹைதராபாதில் 299.2. இவ்வெண்களைக் கண்டதும் நாளிதழ்கள் கல்கத்தாவுக்குப் "பாதுகாப்பான நகரம்" என்று முடிசூட்டின. அங்குள்ள நம் உறவினர்கள் பெருமையுடன் நமக்கு அதனை அனுப்பியும் வைத்தார்கள்.

பெருமைப்படட்டும், தவறில்லை. ஆனால், அந்த எண் எதனை எண்ணுகிறது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். நடந்த குற்றங்களை அது எண்ணவில்லை. காவல் நிலையத்தில் எழுதப்பட்ட குற்றங்களையே எண்ணுகிறது. இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கக்கூடும். கேரளம் பல ஆண்டுகள் மொத்தக் குற்ற விகிதத்தில் நாட்டின் முன்வரிசையில் நின்றது. கொலை விகிதத்திலோ அது நாட்டுச் சராசரிக்கும் கீழே. கொலையை மறைப்பது அரிது. சிறு குற்றத்தை எழுதாமல் விடுவது எளிது. ஆகவே, எழுதப் படிக்கத் தெரிந்த மக்கள் அஞ்சாது புகார் கொடுத்து, அதனைக் காவலர் பதிவும் செய்தால், அவ்வூர் பட்டியலில் கெட்ட பெயர் வாங்கும். வாய்மூடி இருக்கும் ஊர் நல்ல பெயர் வாங்கும். பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு என்று காப்பகமே தன் நூலில் எச்சரிக்கிறது. முன்னுரையைப் படிப்பவர் சிலர். பட்டியலைப் பார்ப்பவர் பலர்.

வேறு குறைகளும் உள. ஒரே நிகழ்ச்சியில் பல குற்றங்கள் நேர்ந்தால், அவற்றுள் மிகக் கொடியது ஒன்றையே கணக்கில் கொள்வார்கள். பெருநகரங்களின் 2022-ஆம் ஆண்டுக் குற்றங்களை 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகையால் வகுத்திருக்கிறார்கள். அந்தப் பதினோரு ஆண்டுகளில் பெங்களூரு எவ்வளவு பெருத்தது என்பது அங்கே உறவினர் உள்ள அனைவருக்கும் தெரியும். வகுக்கும் எண் பழையதாக இருந்தால், விரைந்து வளர்ந்த ஊரின் விகிதம் உள்ளதைக் காட்டிலும் மிகையாகத் தோன்றும்.

நகரங்களின் பட்டியலே இப்படியென்றால், ஒரே நகரின் பேட்டைகளை வரிசைப்படுத்தும் பட்டியலைக் கேட்கவும் வேண்டுமோ? புது தில்லி இரயில் நிலையத்தை ஒட்டிய பகர்கஞ்சையும், கடைத்தெருக்கள் நிறைந்த சாந்தினி சௌக்கையும் எண்ணிப் பாருங்கள். அங்கே பணப்பையைப் பறிகொடுப்பவர்களில் பலர் எங்கிருந்தோ வந்த பயணிகள். ஆனால், அக்குற்றம் அப்பகுதியின் கணக்கில் ஏறும். வந்துபோகும் கூட்டத்தின் இழப்பை அங்கே குடியிருப்போரின் தலையில் வகுத்துவிட்டு, "இது ஆபத்தான பேட்டை" என்று முத்திரை குத்துவது முறையாகுமா?

எழுதப்படாத குற்றங்களின் அளவை அறியவும் முயற்சிகள் நடந்துள்ளன. வீடு வீடாகச் சென்று, "உங்களுக்கு ஏதேனும் நேர்ந்ததா? அதைக் காவலரிடம் சொன்னீர்களா?" என்று கேட்கும் ஆய்வு அது. தில்லி, மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் அவ்வாறு கேட்டு 2017-இல் வெளியிட்டார்கள். திருட்டுக் கொடுத்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட முதல் தகவல் அறிக்கை வரை போய்ச் சேரவில்லை. 2015-இல் தில்லியிலும் மும்பையிலும் நடந்த மற்றோர் ஆய்வு, பெண்களுக்கு நேரும் தொல்லைகளில் தில்லியில் பதின்மூன்றில் ஒன்றே காவல் நிலையத்தை எட்டுகிறது என்று கண்டது. மற்றப் பன்னிரண்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நம் குடியிருப்பிலேயே இதற்குச் சான்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிய ஒரு மாமியின் கைப்பையை இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் பறித்துச் சென்றனர். அவர் கணவருடன் காவல் நிலையம் சென்றார். "பறித்தார்கள் என்று ஏன் எழுதுகிறீர்கள்? தொலைந்தது என்று எழுதுங்கள், அட்டைகளுக்கு நகல் வாங்க அது போதும்" என்று நயமாகச் சொல்லி அனுப்பினார்கள். அவரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். வீடு திரும்பிய தம்பதியரிடம், "போனது போகட்டும், ஏன் அலைச்சல்?" என்று சொன்னவர்கள் நாமே. அவ்வாண்டின் கணக்கில் நம் தெரு குற்றமற்ற தெரு.

இது கணக்கின் கதை. அச்சத்தின் கதை வேறு.

நாம் யாரைக் கண்டு அஞ்சுகிறோம்? அறிமுகமற்றவரை, நம் மொழி பேசாதவரை, நம்மைவிட எளிய உடையில் வருபவரை. அதற்காகத் தெருவாயிலில் இரும்புக் கதவு போட்டோம்; காவற்காரர் வைத்தோம்; கண்காணிப்புக் கருவி மாட்டினோம். ஆனால், நாட்டின் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர் என்று அதே காப்பகத்தின் நூல் ஆண்டுதோறும் கூறுகிறது. உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர் ஆகியோர் இரும்புக் கதவுக்கு உட்புறம் இருப்பவர்கள் அல்லவா?

அச்சம் தவறான திசையில் பாய்ந்தால் அதற்கு யாரேனும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. வெட்கத்துடன் ஒன்றை இங்கே எழுதுகிறோம். நம் குடியிருப்பில் ஒரு தமிழர் வீட்டில் வைரத்தோடு ஒன்று காணாமற் போயிற்று. ஜங்புராவின் மதராசி கேம்ப்பிலிருந்து வந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாளின்மேல் ஐயம் விழுந்தது. அவரும் தமிழர், அவ்வீட்டுப் பிள்ளைகள் அவரை 'அக்கா' என்றே அழைத்துவந்தனர். அன்று மாலை குடியிருப்போர் கூட்டம் கூடியது. "அந்தக் கேம்ப்பே அப்படித்தான்" என்று ஒருவர் சொன்னார். அந்தக் கேம்ப்புக்குள் ஒருநாளும் கால்வைத்தறியாத நாம் தலையசைத்தோம். அக்காவைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய் மாலைவரை உட்காரவைத்தார்கள். எட்டாம் நாள், பீரோவில் ஒரு பட்டுப்புடவையின் மடிப்புக்குள் தோடு கிடைத்தது. அதற்குள் அக்கா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று அனைவரும் சொன்னோம், ஒருவரும் போகவில்லை.

அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர் வாழ்ந்த அந்தக் கேம்ப், உயர்நீதிமன்ற உத்தரவையடுத்து, 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என முடிவாயிற்று. அம்மாற்று வீடுகள் நகரின் வடகோடியில் நரேலாவில் இருக்கின்றன. ஓடையோரத்துக் குடிசையைவிடச் சிமெண்டு வீடு பாதுகாப்பானது என்று நமக்குத் தோன்றும். ஆனால், கேம்ப்பில் ஒரு பெண் இரவில் வேலை முடிந்து திரும்பினால், வாசலில் அமர்ந்திருக்கும் பத்துப் பேர் அவளை இன்னார் மகள் என்று அறிவார்கள். ஆளில்லாத அடுக்குவீடுகளுக்கிடையே, பிழைப்புக்கும் பள்ளிக்கும் நெடுந்தொலைவில், அந்தப் பத்துப் பேர் இல்லை. எந்தப் பட்டியலும் இதனை எண்ணாது. அக்கா நரேலாவுக்குப் போனாரா, வேறெங்கேனும் போனாரா என்பதை இன்று நாம் யாரிடம் போய்க் கேட்பது?

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார், நகரங்களைப் பற்றி 1961-இல் வெளியிட்ட நூலில் இதனையே வற்புறுத்தினார். தெருவின் அமைதியைக் காப்பவர் முதன்மையாகக் காவலர் அல்லர். திண்ணையிலும் கடையிலும் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் மக்களே என்பது அவர் கருத்து. திண்ணை வைத்து வீடு கட்டிய நம் முன்னோருக்கு இது புதிய செய்தி அன்று.

இனி மதுரை அன்பருக்கு நம் மறுமொழி.

ஐயா, அச்சமே வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். தில்லிப் பல்கலைக்கழக மாணவியரைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று, வழி பயமற்றதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே பெண்கள் தமக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த கல்லூரியை விட்டுத் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டியது. கூடுதலாகப் பயணச் செலவு செய்யவும் அவர்கள் முன்வருகிறார்கள். ஆண் பிள்ளைகளிடம் அந்த அளவுக்கு இது காணப்படவில்லை. அச்சத்தின் வரியை மகள்களே கட்டுகிறார்கள். தங்கள் மகள் தான் பெற்ற இடத்தை அச்சத்தால் இழக்கக்கூடாது என்பதே நம் விருப்பம்.

ஆகையால், பட்டியலை மடித்து வைத்துவிட்டு, வீடு பார்க்கும் பகுதிக்கு மாலை ஏழு மணிக்கு ஒரு முறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் செல்லுங்கள். மகளையும் அழைத்துச் செல்லுங்கள், நடக்கப்போகிறவள் அவள். மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டு வாசல்வரை விளக்கு எரிகிறதா? நடைபாதை நடக்கும்படி இருக்கிறதா? கடைகள் எத்தனை மணிவரை திறந்திருக்கின்றன? வீட்டுச் சன்னல்கள் தெருவைப் பார்க்கின்றனவா, நெடுஞ்சுவர்கள் பார்க்கின்றனவா? அந்நேரத்தில் பெண்கள் தெருவில் நடமாடுகிறார்களா? இறுதிக் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்தால், மற்றவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஏதேனும் நேர்ந்துவிட்டால் எழுதாமல் விடாதீர்கள். கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் அதனைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. மின்வழியாகவும் அனுப்பலாம்; ஆனால், மூன்று நாளுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. நிலையத்தில் மறுத்தால், மேலதிகாரிக்குத் தபாலில் எழுதலாம். அவசர உதவிக்கு 112. இணையவழிப் பண மோசடிக்கு 1930. இவ்விரண்டு எண்களையும் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

"தொலைந்தது என்று எழுதுங்கள்" என்று யாரேனும் சொன்னால், சங்கத்துக்குச் சொல்லியனுப்புங்கள். துணைக்கு இருவர் வருவோம். இம்முறை "ஏன் அலைச்சல்?" என்று சொல்லமாட்டோம்.

நீங்கள் கேட்ட பேட்டையில் வெற்றிலைக் கடை இரவு பத்துவரை திறந்திருக்கும், பூக்காரர் உண்டு, கல்லூரியிலிருந்து திரும்பும் பெண்கள் எட்டு மணிக்குக் கூட்டமாக வருவார்கள். குடிவாருங்கள். வந்த முதல் வாரம், வீட்டு வேலைக்கு வருபவரின் பெயரையும், தெருக் காவற்காரரின் ஊரையும், எதிர்வீட்டு மூதாட்டியின் நலத்தையும் கேட்டறியுங்கள். நாம் செய்யத் தவறியது அதுதான். ஒருவரையொருவர் அறிந்த தெருவில் திருடனுக்கும் இடம் குறைவு. வீண்பழிக்கும் இடம் குறைவு.