வட்டைக்குப் போகுமுன் இரண்டு மாத்திரை

சென்ற பெரும்போக விதைப்புக்கு முன்னர் பி.எச்.ஐ. ஒருவர் வீடு தேடி வந்து வாப்பாவிடம் ஒரு சிறிய கடதாசிப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இருந்தது டொக்சிசைக்ளின். வட்டைக்குப் போகும் காலம் முழுவதும் வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மாத்திரை குடிக்க வேண்டும். சதமும் செலவில்லை. வாப்பா அதை அலுமாரிக்கு மேலே வைத்தார். விதைத்து, பசளை எறிந்து, அறுவடையும் முடிந்து, நோன்புக்காக வீடு கழுவும்போது நான்தான் அந்தப் பையைக் கண்டெடுத்தேன். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

அதற்கு முந்திய வருடம்தான் சாச்சா எலிக்காய்ச்சலில் விழுந்து, சிறுநீரகம் வேலை செய்யாமல் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்படிப்பட்ட குடும்பத்திலேயே இந்த நிலை என்றால், கல்முனையிலும் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் எத்தனை அலுமாரிகளுக்கு மேலே எத்தனை பைகள் கிடக்கின்றனவோ!

சாச்சாவுக்குச் சொந்தக் காணி இல்லை. பிறருடைய வயலில் வரம்பு கட்டுவார், விதைப்பார், களைக்கு மருந்து அடிப்பார். காய்ச்சல் வந்தபோது முதலில் நொந்தது கெண்டைக்கால். "சேத்துக்குள்ள நிண்ட கால்தானே, நோகாமலா இருக்கும்" என்றார். சாச்சி பாமசியில் உடம்பு நோவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தா. நான்காம் நாள் கண் சிவந்தது, பிறகு மஞ்சளானது. பக்கத்து வீட்டார் செங்கமாரி என்றார்கள், உடனே நாட்டு மருந்துக்கு ஓடினோம். ஓதிய தண்ணீரும் குடித்தார். ஆறாம் நாள் சிறுநீர் நின்றது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "வட்டைக்குப் போனவரா?" அந்தக் கேள்வியை நாங்கள் முதல் நாளே எங்களிடம் கேட்டிருக்க வேண்டும். மூன்று தடவை டயலிசிஸ் செய்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், சிறுநீரகம் மீண்டது.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். சிறுநீரகத்தியின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கலன்கோளம், அண்மை மடிந்த குழல், என்லேயின் தடம் எல்லாவற்றையும் பெயரிட்டுக் காட்டுவேன். ஆனால் லெப்டோஸ்பைரா என்ற சுருள் பக்டீரியா எலியின் உடலில் குடியிருப்பது அதே சிறுகுழாய்களில்தான் என்பதைச் சாச்சா கட்டிலில் கிடந்த பிறகுதான் தேடிப் படித்தேன். எலிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. அது சும்மா சிறுநீரோடு கிருமியைக் கழித்துக்கொண்டு திரியும். மாடும் எருமையும்கூட இதைப் பரப்பும். வயல் தண்ணீரில் கலந்த கிருமி, மனிதரின் காலில் உள்ள கீறலால், ஊறிப்போன தோலால், கண்ணால், வாயால் உள்ளே போகிறது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். பலருக்கு அதோடு நின்றுவிடும். சிலருக்கு அது ஈரலையும் நுரையீரலையும் பிடிக்கும். சிறுநீரகத்தில் அதே சிறுகுழாய்களையும் அவற்றைச் சுற்றியுள்ள இழையத்தையும் வீங்க வைக்கும். ஒரு விடயத்தை எல்லா உம்மாமாரும் அறிய வேண்டும்: இந்தச் சிறுநீரகப் பாதிப்பு, நேரத்தோடு வைத்தியம் கிடைத்தால், பெரும்பாலும் குணமாகக்கூடியது. தெஹியத்தகண்டிப் பக்கத்திலும் வடமத்திய மாகாணத்திலும் வருடக்கணக்கில் அரித்துத் தின்னும் அந்தச் சிறுநீரக நோய் வேறு, இது வேறு. இங்கே தீர்ப்பைச் சொல்வது நாட்கள்தான். சாச்சா குடித்த நோவு மாத்திரைகளில் சில வகைகள் சிறுநீரகத்தை இன்னும் கெடுப்பவை. காய்ச்சல்காரருக்குப் பரசிட்டமோலைத் தவிர வேறெதையும் டொக்டரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

இது புதிய நோயல்ல. 1886இல் ஜேர்மனிய வைத்தியர் அடொல்ஃப் வைல் இதை விவரித்தார். யப்பானின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் கிருமியைக் கண்டுபிடித்து இனாடாவும் இடோவும் 1916இல் ஆங்கிலத்திலும் கட்டுரை வெளியிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த கிருமி. உலகில் வருடத்துக்குப் பத்து இலட்சம் பேர் நோயாளிகளாகிறார்கள் என்றும் ஏறத்தாழ 59,000 பேர் மரணிக்கிறார்கள் என்றும் 2015இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' பட்டியலில் எலிக்காய்ச்சலுக்கு இடமில்லை. புறக்கணிக்கப்பட்டவர்களின் பட்டியலிலும் புறக்கணிக்கப்பட்ட நோய்! அதில் வியப்பில்லை. விழுபவர்கள் சேற்றில் நிற்பவர்களும், கான் துப்புரவு செய்பவர்களும், சுரங்கத்தில் கிடப்பவர்களும்தானே.

நம் நாட்டால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1934, 35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன மலேரியா இது. கடுமையானால் சிறுநீரையே கறுக்க வைத்துச் சிறுநீரகத்தை நிறுத்தும் ஒட்டுண்ணி நோய். 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றியவர் எவருமின்றி, 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. அதே வருடம் யானைக்கால் நோயையும் வென்றோம். ஆனால் எலிக்காய்ச்சலில் 2008ஆம் ஆண்டு மட்டும் 7,000க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவாகி, 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலேரியாவுக்கு வீடு வீடாகப் போய் மருந்தடித்தோம். இதற்குத் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறோம்.

அந்தத் துண்டுப்பிரசுரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வயலில் இறங்கும்போது பூட்ஸ் அணியுங்கள்" என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் ஒரு தடவை பூட்ஸோடு உழுத வயலில் இறங்கிப் பார்க்கட்டும். பூட்ஸ் சேற்றில் நிற்கும், அவர் வெறுங்காலோடு வரம்பில் ஏறுவார். எங்கள் மண்ணுக்குப் பொருந்துவது மாத்திரைதான். பனாமாவில் 940 அமெரிக்கச் சிப்பாய்களிடம் செய்து 1984இல் வெளியான பரிசோதனையில் இந்த வாராந்த மாத்திரை நோயை 95 வீதம் தடுத்தது. அந்தமான் தீவுகளில் பிறகு செய்த ஆய்வில் கிருமி தொற்றுவதைப் பெரிதாகத் தடுக்கவில்லை, ஆனால் நோய் கடுமையாவதைக் குறைத்தது. ஆகவே மாத்திரை குடித்தாலும் காயத்தை மூடத்தான் வேண்டும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது ஆகாது. வெறுவயிற்றில் குடித்தால் வயிற்றைப் புரட்டும். நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், குடித்தவுடன் படுக்கக் கூடாது. இந்த நான்கைந்து வசனங்களை வாப்பாவிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் பை அலுமாரிக்கு மேலே போயிருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் எனது பெரிய முறைப்பாடு அதுவல்ல. வாப்பாவுக்காவது பை கிடைத்தது. எங்கள் பகுதியில் பட்டியல் விவசாய அமைப்பின் பெயர்களைப் பார்த்துத் தயாராகிறது. காணி உள்ளவர், குத்தகைக்குச் செய்பவர் பெயர் அதில் இருக்கும். நாட்கூலிக்குப் போகும் சாச்சாவின் பெயர் எங்கே இருக்கும்? காணிக்காரர் பலர் வரம்பில் நின்று பார்ப்பவர்கள். நாள் முழுக்கச் சேற்றில் நிற்பவர் கூலிக்காரர். மாத்திரை வரம்போடு நின்றுவிடுகிறது.

போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கிறார்கள், விதைப்பு முடிக்கும் நாளைத் தீர்மானிக்கிறார்கள். அதே கூட்டத்தில் ஒவ்வொரு காணிக்காரரும் தன் வயலில் இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் பெயரையும் கொடுக்கட்டும். விதைநெல்லுக்கும் எண்ணெய்க்கும் கணக்கு வைக்கும் போடிமாருக்கு இது பெரிய வேலையா? எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வருகிறது, காணாமற்போன ஆட்டுக்கும் அறிவித்தல் வருகிறது. விதைப்புக் காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும், "இன்று மாத்திரை குடிக்கும் நாள்" என்று ஒரு வரி சொன்னால் என்ன? அல்லாஹ்வின் நாட்டப்படி நடக்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கும்படி எங்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

மாணவிகளாகிய நாங்களும் தப்பிக்க முடியாது. வீட்டில் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்குவதும், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவதென்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் உம்மாமாரும் சாச்சிமாரும்தான். அவர்களுக்கு லேபலை வாசித்துக் காட்டுபவர்கள் நாங்கள். பரீட்சைக்கு மட்டும் சிறுநீரகத்தைப் படித்தால் போதுமா?

இந்தச் சிறுபோகத்துக்கு வாப்பாவுக்குப் புதிய பை வந்தது. ஜும்ஆ முடிந்து வந்து பகல் சோறு சாப்பிட்டதும் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுபோய் வைத்தேன். "எனக்கென்ன மகள், காய்ச்சலா?" என்று கேட்டார். இரண்டாவது வெள்ளிக்கிழமை ஒன்றும் கேட்கவில்லை, கையை நீட்டினார். சாச்சாவும் மீண்டும் வட்டைக்குப் போகத் தொடங்கிவிட்டார். அவருக்கும் கொடுப்போம் என்று பார்த்தால், வாப்பாவின் பையில் ஒருவருக்குத்தான் காணும். சாச்சாவின் பெயர் இன்னும் எந்தப் பட்டியலிலும் இல்லை.