முன்பணமும் ஆற்று வெள்ளமும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் மதிய உணவு மேசையில் பேச்சு மழையைப் பற்றியதாக மாறிவிடுகிறது. ஓசூர்ச் சாலையில் வண்டிகளைத் தேங்கச் செய்யும் மழையை நாங்கள் சொல்லவில்லை. தொலைவில், குடகிலும் கோழிக்கோட்டு மலையடிவாரத்திலும் பெய்யும் மழையையே சொல்கிறோம். அந்த மழை ஆற்றில் இறங்கி ஓடும் சில வாரங்களுக்காக எங்களுள் சிலர் விடுப்பு நாள்களை ஆண்டு முழுவதும் சேமித்து வைக்கிறோம். கயாக் என்னும் சிறு படகில், பாறைகளுக்கிடையே விரைந்தோடும் நீரில் துடுப்பு வலிப்பது எங்கள் பொழுதுபோக்கு.

பரிசலை அறிந்த நமக்குக் கயாக் சற்று அந்நியமானதே. வடதுருவப் பகுதி மக்கள் விலங்குத் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்தி வேட்டைக்கெனச் செய்துகொண்ட படகு அது. இன்று நெகிழியால் வார்க்கப்படுகிறது. ஒருவர் கால்நீட்டி அமர்வார். இடுப்பைச் சுற்றிய உறை படகின் வாயை மூடிவிடும். துடுப்புக்கு இரு முனையிலும் அலகு உண்டு. கவிழ்ந்தால் வெளியேறாமல், இடுப்பை வெட்டித் திருப்பிப் படகோடு நிமிர வேண்டும். இதைத் தேங்கிய நீரில் பல நாள் பழகாமல் ஆற்றில் இறங்குவது தகாது.

இவ்விளையாட்டுக்குப் பருவமே முதல். ரிஷிகேசத்தில் கங்கை மழைக்காலத்தில் பெருகிவிடுவதால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் படகுகளைக் கரையேற்றிவிடுகின்றனர். தெற்கே நிலைமை நேர்மாறு. குடகின் பரப்பொளை ஆற்றிலும், கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரிப் பகுதியின் சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆகியவற்றிலும் தென்மேற்குப் பருவமழை இருந்தால்தான் படகு மிதக்கும். கேரளத்தின் மலபார் ஆற்றுத் திருவிழாவும் அதனால்தான் மழை நடுவே நடைபெறுகிறது. கோடையில் அவ்விடங்களுக்குச் சென்றால் பாறைமேல் துணி உலர்த்தலாம். வட கன்னடத்துக் காளி ஆறு வேறொரு வகை. சூப்பா அணைக்குக் கீழே, கணேஷ்குடியில் நீரின் அளவை வானம் மட்டும் முடிவு செய்வதில்லை. மின் உற்பத்திக்காகத் திறந்துவிடப்படும் நீரும் முடிவு செய்கிறது.

ஆற்றின் விரைவோட்டங்களை உலகெங்கும் 1 முதல் 6 வரை தரம் பிரிப்பர். இந்த எண்ணை நம்மவர் பலர் ஊர்ப் பெயர்போல் நிலையானதெனக் கருதுகின்றனர். நீர் ஏற ஏற ஓர் இடத்தின் தரமும் மாறும். 2 என்று நாம் கேள்விப்பட்ட இடம் ஒரே இரவில் 4 ஆகிவிடக்கூடும். மலையோடைகளில் இம்மாற்றத்திற்கு ஓர் இரவும் வேண்டாம். கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்க, மேலே பெய்த மழை சில மணி நேரத்தில் வந்து சேரும். அவ்வெள்ளத்தில் சாய்ந்து கிடக்கும் மரம் நீரை விட்டுவிட்டு மனிதனைப் பிடித்து நிறுத்தும். தடுப்பணையின் அடியில் சுருண்டு திரும்பும் நீர், பார்ப்பதற்கு எளியதாய் இருந்து, நன்கு நீந்துவோரையும் வெளியே விடாது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்களுள் அறுவர் முன்பணம் செலுத்தி, இரவெல்லாம் வண்டியோட்டி ஒரு மலையாற்றங்கரையை அடைந்தோம். நீர் செம்மண் நிறத்தில் இருந்தது. வழிகாட்டி அடையாளமாகக் கொள்ளும் பாறை மூழ்கிவிட்டிருந்தது. இன்று இறங்க இயலாது என்றார் அவர். "பணம் கட்டியாயிற்றே" என்றோம் நாங்கள். ஒருவர் அல்லர், அறுவருமே ஏதோ ஒரு வகையில் அதைச் சொன்னோம். அவர் இசையவில்லை. பிற்பகலில் நீர் வடிந்தது. காலையில் இறங்கியிருந்தாலும் ஒன்றும் நேர்ந்திராது என்று எங்களுள் ஒருவர் இன்றும் வாதிடுகிறார். அவர் கூற்று உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் காலையில் எங்களைப் பேசவைத்தது ஆற்றைப் பற்றிய அறிவன்று. திரும்பி வராத பணம்.

குறை அந்தப் பண ஏற்பாட்டில்தான் உள்ளது என்பது எங்கள் கருத்து. "ஆறு இடம் தராவிட்டால் பணம் என்னவாகும்?" என்பதை முன்பணம் செலுத்துமுன் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்பதும் நியாயமாகாது. ஒகேனக்கல்லில் காவிரியின் நீர்வரத்து உயர்ந்து மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிக்கும் நாள்களில், பரிசல் ஓட்டிகள் வருவாயின்றி இருப்பதைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். 'வேண்டாம்' என்று சொல்பவர் அன்றைய கூலியை இழப்பாரெனில், அவர் ஒருநாள் 'சரி' என்று சொல்லிவிடுவார். எனவே வழிகாட்டியின் கூலியைப் பிடித்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தருவதும், அல்லது அதே பருவத்தில் வேறொரு நாள் தருவதுமே பொருத்தமானது. இந்நிபந்தனைக்கு இசைபவர் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். சலுகை விலையில், திரும்பப் பெறவியலாத கட்டணத்தில் விடுதியறை எடுப்பதையும் இப்பயணங்களில் நாங்கள் விட்டுவிட்டோம். அதுவும் நம்மை ஆற்றுக்குள் தள்ளும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். விபத்துக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுகள் விலக்குப் பட்டியலில் உள்ளன. பத்திரத்தின் அப்பக்கத்தைப் புறப்படுமுன் படிப்பது நல்லது. எங்களுள் இருவர் திரும்பி வந்த பிறகுதான் படித்தனர்.

இவ்வாண்டு ஒரு நாளுக்கு மாறாக, ஜூலையிலும் ஆகஸ்டிலுமாக மூன்று வார இறுதிகளைக் குறித்து, அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் பணம் செலுத்தியுள்ளோம். விடுப்பையும் அவ்வாறே மேலாளர்களிடம் பேசி வைத்திருக்கிறோம். வியாழக்கிழமை மாலை வழிகாட்டியை அழைத்து, அந்தப் பாறை எத்தனை அடி வெளியே தெரிகிறது என்று கேட்டறிவோம். வண்டிக்கு எரிபொருள் நிரப்புவது அதற்குப் பிறகே.