முக்கோணமும் ஒரு கோடும்



"டையோடு சிம்பல் வரையத் தெரியுமா?" என்று நம்மிடம் யாராவது கேட்டால் சிரிப்போம். ஒரு முக்கோணம், அதன் முனையில் ஒரு கோடு. கண்ணை மூடிக்கொண்டே வரைவோம். ஆனால் ஒரு முழு சர்க்யூட் டயகிராமைக் கையில் கொடுத்து, "இதில் எத்தனை டையோடு? ஒவ்வொன்றும் என்ன வகை? அங்கே அதற்கு என்ன வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே அமைதியாகிவிடும்! வரையத் தெரிவது வேறு, வாசிக்கத் தெரிவது வேறு. இரண்டு மார்க்குக்காக வரையப் பழகிய நாம் வாசிக்கப் பழகவில்லை என்பதே என் கருத்து.

"ஏன் மாப்ள, அந்தக் கோடு வளைஞ்சா என்ன, நேரா இருந்தா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. விஷயமே அந்த வளைவில்தான் இருக்கிறது! கோட்டின் நுனிகள் 'இசட்' போல மடங்கியிருந்தால் ஜீனர். 'எஸ்' போல இருந்தால் ஷாட்கி. கோடு இரட்டையாக, கெபாசிட்டர் போல இருந்தால் வேரக்டர். இரண்டு அம்புகள் வெளியே போனால் எல்.இ.டி., உள்ளே வந்தால் போட்டோ டையோடு.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு 1என்4148-ம், ஒரு சிறிய ஜீனரும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் கண்ணாடி உடம்பு, கேத்தோடு பக்கம் ஒரு வளையம். அண்ணன் தம்பி மாதிரி! எந்த இடத்தில் யார் உட்கார வேண்டும் என்று சொல்வது டயகிராம்தான். மாற்றிப் போட்டால் வோல்டேஜைக் கட்டுப்படுத்த ஆள் இருக்காது.

அடுத்தது திசை. ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 இருக்கும். அதன் கேத்தோடு பாசிட்டிவ் பக்கம். "தலைகீழா இருக்கே, பிரிண்டிங் மிஸ்டேக்டா" என்று திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? டிரான்சிஸ்டர் ஆன் ஆனதும் மின்னோட்டம் காயிலை விட்டுவிட்டு டையோடு வழியே பாயும், டிரான்சிஸ்டர் எரியும். அந்த டையோடு அங்கே காத்திருப்பது, காயில் ஆஃப் ஆகும்போது எழும் எதிர் வோல்டேஜை வாங்கிக்கொள்ளத்தான்.

இதெல்லாம் பரீட்சையோடு முடிகிற சமாசாரமா? நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. தோட்டங்களில் சோலார் பம்ப்செட் ஓடுகிறது. பேனலின் பின்பக்கப் பெட்டியைத் திறந்தால் பொதுவாக மூன்று பைபாஸ் டையோடுகள் இருக்கும். பேனலில் ஒரு பகுதி மீது நிழல் விழுந்தால், மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தந்து செல் சூடாகாமல் காப்பவை அவை. தண்ணீர் இல்லாமல் காயும் வயலின் ஓரத்தில் விவசாயி நிற்கும்போது, "டிப்ளமோ படிச்ச தம்பி" பேனலையே மாற்றச் சொன்னால் நியாயமா?

"செல்போனில் போட்டோ எடுத்தால் சொல்லிவிடுமே" என்பார்கள். பெயரைச் சொல்லலாம். ஏன் அந்த இடத்தில், ஏன் அந்தத் திசையில் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில டேட்டா ஷீட்டைப் பார்த்து மிரள்கிறோம். ஆனால் சிம்பலுக்கு மீடியம் கிடையாது! முக்கோணத்துக்குள் மை பூசியிருக்கலாம், ஐ.இ.சி. 60617 முறையில் நடுவே ஒரு கோடு ஓடலாம். மற்றபடி ஜப்பானில் வரைந்தாலும் மேலூரில் வரைந்தாலும் அர்த்தம் ஒன்றே. இந்த மொழியில் யாரும் நமக்கு மேல் இல்லை. கலீனா படிகத்தை வைத்து மின் அலைகளைக் கண்டறியும் கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். இன்றைய டையோடின் முன்னோர்களில் அதுவும் ஒன்று.

மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது: மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். எரிந்துபோன எல்.இ.டி. பல்பு, பழைய சார்ஜர் என்று எதையாவது ஆளுக்கொன்று கொண்டு வருவோம். திறந்து, தடம் பார்த்து, டயகிராமை நாமே வரைவோம். செலவு ஒன்றும் இல்லை; குப்பைதான் மூலதனம்!

இன்டர்வியூவில் ஒருவர் படத்தை நீட்டும்போது, மனப்பாடம் கைவிடும். வாசிக்கத் தெரிந்த கண் கைவிடாது. வாசிப்போம் தோழர்களே!