காதிரைச்சல் கற்பனையா?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"காதுக்குள் ஏதோ இரைந்துகொண்டே இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன பதில் சொல்கிறோம்? "எல்லாம் பிரமை", "நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும்", "வயதாகிவிட்டதல்லவா?" என்கிறோம். சொன்னவர் பெண்ணாக இருந்தால் மந்திரிக்க அழைத்துச் செல்வோரும் உண்டு. வெளியில் இல்லாத ஓசையைக் கேட்பவர் பொய் சொல்கிறார் அல்லது மனம் பேதலித்தவர் என்று எண்ணுவது பெருந்தவறு என்பதே எங்கள் கருத்து. இதற்குச் சான்று கூறும் நோய் ஒன்று உண்டு.

மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளைப் பற்றி அறிவியல் வகுப்பில் படிக்கிறோம். அவற்றுள் எட்டாவது, செவி நரம்பு. ஒலியையும் உடலின் சமநிலையையும் பற்றிய செய்திகளை மூளைக்கு எடுத்துச் செல்வது அதுவே. நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள ஷ்வான் செல்கள் சிலருக்கு அளவு மீறிப் பெருகி, அந்நரம்பில் கட்டியாக வளர்கின்றன. ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே இது கண்டறியப்படுகிறது. இது புற்றுநோய் அன்று. பெரும்பாலும் மெல்லத்தான் வளரும். ஆயினும் ஒரு பக்கத்துக் காது மந்தமாகும்; அதே காதில் இரைச்சல் கேட்கும்; நடை தள்ளாடும். மிகப் பெரிதாகி மூளைத்தண்டை அழுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இங்கே ஒரு வியப்பைக் காணுங்கள். இக்கட்டியை அகற்றும்போது சிலருக்குச் செவி நரம்பையே வெட்ட நேரிடுகிறது. கம்பி அறுந்த ஒலிபெருக்கி பாடுமா? பாடாது. ஆனால் நரம்பு அறுந்த பின்னும் பலருக்கு இரைச்சல் நிற்பதில்லை! அப்படியானால் அந்த ஓசை பிறக்கும் இடம் எது? மூளைதான்.

காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது, கேட்டலுக்குரிய மூளைப் பகுதியின் நரம்பு செல்கள் தாமாகவே கூடுதலாக இயங்குகின்றன என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆண்டு விழா மேடையில் ஒலிபெருக்கியின் திருகை அளவுக்கு மீறித் திருப்பினால், எவரும் பேசாதபோதும் அது 'உஸ்' என்று இரைகிறதல்லவா? அதைப் போன்றதே இது. காலை இழந்தவர்க்கு இல்லாத காலில் வலி தோன்றுவதையும் இதற்கு ஒப்பிடுவர்.

மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். இன்று மின்னலைப் பதிவும் எம்.ஆர்.ஐ. படமும் கொண்டு காதிரைச்சல் உள்ளவர்களின் மூளையை ஆராய்கின்றனர். கேட்டலுக்குரிய பகுதியில் மட்டுமன்றி அச்சம், கவலை, நினைவு, கவனம் ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகளிலும் மாறுதல்கள் தென்படுகின்றன. இரைச்சல் ஒருவருக்குச் சிறு தொல்லையாகவும், மற்றொருவருக்கு உறக்கத்தையே பறிக்கும் துயரமாகவும் இருப்பது இதனால்தான் போலும். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்று பெரியோர் சொன்னது காதிரைச்சலுக்கும் பொருந்தும்.

பாரூர்ப் பக்கத்திலிருந்து ஓசூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் அப்பாக்களும் அண்ணன்களும் அக்காக்களும் பலர். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நாள்தோறும் 8 மணி நேரம் ஆண்டுக்கணக்கில் உழைத்தால் காது கெடக்கூடும். ஆகவே யாருக்குக் காது இரைந்தாலும் "கம்பெனி சத்தம்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும்! இயந்திரச் சத்தம் பொதுவாக இரு காதுகளையும் பாதிக்கும். ஒரு காது மட்டும் மந்தமாகி, அதிலேயே இரைந்தால் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இரண்டாண்டுகளாகப் போனை இடக்காதில் மட்டுமே வைத்துப் பேசினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. படிக்கட்டில் தடுமாறி விழுந்த பிறகே வீட்டார் அவர் சொன்னதை நம்பினார்கள்.

"காது இரையும் எல்லாரையும் படம் எடுக்க முடியுமா? செலவுக்கு எங்கே போவது?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காதிரைச்சல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர்க்குக் கட்டி இருப்பதில்லை. முதலில் வேண்டுவது காது மூக்கு தொண்டை மருத்துவரின் சோதனை. நம் இயற்பியல் ஆய்வகத்தில் இருப்பது போன்ற ஓர் இசைக்கவையைக் கொண்டே அவர் பலவற்றை அறிந்துகொள்வார். ஒரு பக்கக் குறை உறுதியானால்தான் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். கட்டி இருந்தாலும் அஞ்ச வேண்டாம். சிறியதாயின் அவ்வப்போது படமெடுத்துக் கவனித்து வருவதே போதும் என்பதும் உண்டு. அறுவையும் கதிர்வீச்சும் இருக்கின்றன. 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியது நமக்கு அண்மையிலுள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது.

கட்டி இல்லாத இரைச்சலுக்கும் வழி உண்டு. கேட்புக் கருவியும் மனநல ஆலோசனையும் பலருக்கு ஆறுதல் தருகின்றன. "இதற்கு மருந்தே இல்லை, பொறுத்துக்கொள்" என்று கைவிடுவது முறையன்று.

அன்புத் தோழியரே! இன்று வீட்டிற்குச் சென்றதும் பாட்டியிடமும் அப்பாவிடமும் "உங்களுக்கு இரு காதும் ஒன்றுபோல் கேட்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். கண் பரிசோதனையைப் போலவே காது பரிசோதனையும் ஆண்டுக்கொரு முறை நம் பள்ளியில் நடைபெற வேண்டுமென்று அருட்சகோதரிகளையும் பெற்றோரையும் பணிவுடன் வேண்டுகிறோம். தமக்கு மட்டுமே கேட்கும் ஓசையைப் பற்றி ஒருவர் வாய்திறந்து சொல்லும்போது, முதலில் அவரை நம்புவோம்; பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.