மௌனம் செய்யும் கேடு

நான்காண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுளடியில் அமர்ந்திருந்தேன். பத்து வயதுச் சிறுவனொருவன் நான்காக மடித்த காகிதமொன்றை என் கையில் தந்து, “உம்மம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க, ஹஜ்ரத்” என்றான். மாதவிடாய் நின்று மூன்றாண்டுகள் கடந்தபின் மீண்டும் உதிரம் காண்கிறது. தொழலாமா, விட்டுவிடுவதா என்பது கேள்வி. காகிதத்தின் பின்புறத்திலேயே விடை எழுதினேன். ஷாபிஈ மத்ஹபில் எத்தனை நாள் கண்டால் ஹைளு, எப்போது அது இஸ்திஹாளாவாகும், அந்நிலையில் கழுவித் துணி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பர்ளுக்கும் வக்து வந்தபின் வுளூச் செய்து தொழும் முறை யாது என்றெல்லாம் ஐயத்துக்கிடமின்றி எழுதினேன். அந்த மஸ்அலாவில் பிழையில்லை. இன்றும் எந்த ஆலிமிடம் காட்டினாலும் சரியென்றே சொல்வார்.

ஆயினும் அந்தக் காகிதத்தை எண்ணுந்தோறும் என் உள்ளம் கூசுகின்றது. உதிரம் எதனால் வந்தது என்று நான் கேட்கவில்லை.

எட்டு மாதங்கள் சென்றபின் என் துணைவியார் வழியே முழுச் செய்தியும் தெரிய வந்தது. அவ்வம்மையாரின் ராத்தாவுக்குக் கருப்பையை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். அவருக்கு மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடற்கொதிப்பு தணிந்து உறக்கமும் வரவே, “நீயும் இதையே போடு” என்று தங்கைக்கும் அட்டையைக் கொடுத்தார் ராத்தா. தங்கை மருத்துவரைக் காணவில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி வாங்கி இரண்டாண்டுகள் விழுங்கினார். மார்பு கனத்து வலித்தது, வயிறு ஊதியது, பின்னர் உதிரம் கண்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை. என் விடை போய்ச் சேர்ந்ததும், “ஹஜ்ரத்தே தொழச் சொல்லிவிட்டார்கள், பிறகென்ன?” என்று நிம்மதியடைந்தாராம்! கருப்பையில் தசை எடுத்துச் சோதித்தபோது, உட்சவ்வு தடித்துக் கெடத் தொடங்கியிருந்தது. புற்றாக மாறியிருக்கவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். நான் காப்பாற்றவில்லை.

இம்மருத்துவத்தின் அடிப்படையை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ளல் நலம். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதளவில் மாதவிடாய் நிற்கின்றது. சூலகங்களில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குன்றவே, திடீரென உடல் தீயாய்க் கொதிப்பதும், நள்ளிரவில் வியர்வையில் நனைந்து விழிப்பதும், காலப்போக்கில் எலும்பு வலுவிழப்பதும் உண்டாகின்றன. குறைந்ததை மருந்தாக ஈடு செய்வதே ஹார்மோன் மாற்று மருத்துவம். ஆனால் கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துவந்தால் கருப்பையின் உட்சவ்வு அளவின்றித் தடிக்கும். நாளடைவில் புற்றாகவும் மாறலாம். 1975ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் இதை வெளியிட்டனர். கருப்பை உள்ளவர்க்குப் புரொஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்தே தர வேண்டும் என்பது அதன் பின்னரே விதியாயிற்று. கருப்பையை எடுத்துவிட்டவர்க்குப் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. ராத்தாவுக்கு மருந்தானது தங்கைக்குக் கேடானது இதனாலேதான். மருந்தின்மீது என்ன குற்றம்? கேட்காதவர் மீதும் சொல்லாதவர் மீதுமே குற்றம்.

கேட்காதவருள் முதல்வன் நான். என் போன்றோர் ஹைளுடைய பாடத்தை மீசை அரும்பாத வயதிலேயே ஓதிவிடுகிறோம். ஃபிக்ஹில் அதைவிடச் சிக்கலான பாடம் அரிது. இமாம் நவவீ அவர்கள் தம் ‘மஜ்மூஉ’ என்னும் நூலில் அதற்கு எத்தனை பக்கங்களை ஒதுக்கினார்கள்! தன் வழக்க நாளும் மறந்து தடுமாறும் பெண்ணின் சட்டத்திற்காகவே அபுல் பரஜ் தாரிமீ அவர்கள் தனியொரு நூல் யாத்தார்கள். அவ்வளவு நுணுக்கத்தையும் கரைத்துக் குடித்த நாம், வீட்டுக்கு வந்ததும் ஊமையாகிவிடுகிறோம். மாணவனுக்கு மணிக்கணக்கில் விளக்கும் உதிரத்தைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க நமக்கு நாணம் வந்துவிடுகிறது!

நாணம் ஈமானின் கிளை என்பர் சிலர். மறுப்பவர் யார்? பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் என்னும் நபித்தோழி, தமக்கு உதிரம் நிற்காமையைப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் நேரிலேயே சென்று கேட்டார். நாயகம் அவர்கள் முகம் சுளித்தார்களா? அது மாதவிடாயன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று காரணத்தை எடுத்துக் கூறியே சட்டத்தைச் சொன்னார்கள். இதை எத்தனை முறை ஓதிக் கொடுத்திருக்கிறேன்! சட்டம் காரணத்தின்மேல் நிற்பதை நாவால் சொன்னேன். காகிதத்தின் பின்புறத்தில் எழுதும்போது மறந்தேன். மார்க்கத்தை அறிய நாணம் தடையாகாத மதீனத்துப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதும் நம் கிதாபுகளில் உள்ளதே.

இவ்விடத்தில் மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்பருவத்தை இக்கால அரபு மொழியில் ‘ஸின்னுல் யஃஸ்’ என்கின்றனர். ‘நம்பிக்கையிழந்த வயது’ என்பது பொருள். நம்மவருள் சிலர் இதைக் கேட்டுவிட்டு, மார்க்கமே இவ்வயதுப் பெண்டிரை நிராசைக்குரியோர் என்கிறது போலும் எனப் பேசுகின்றனர். அத்தலாக் அத்தியாயத்தின் நான்காம் வசனத்தில் இவ்வினைச்சொல் வருவது உண்மையே. ஆனால் மாதவிடாய் இனி வரும் என்ற எதிர்பார்ப்பு அற்றவர் என்றே அங்குப் பொருள். அத்தகையோரின் இத்தா மூன்று மாதம் என்பது அங்குள்ள சட்டம். வாழ்வில் நம்பிக்கையற்றவர் என்று அங்கு ஒரு சொல்லும் இல்லை. அரபு நாடுகளிலேயே இப்போது பலர் இதனை ‘ஸின்னுல் அமல்’, அதாவது ஆசையும் நம்பிக்கையும் உள்ள வயது, என்று மாற்றி வழங்குகின்றனர். நாமோ இலக்கணம் படித்தும் ஒரு வினைச்சொல்லின் செயப்படுபொருளைப் பாதியில் வெட்டிவிட்டு, அந்தப் பாதியைக் கொண்டு நம் வீட்டுப் பெண்களை மூலையில் உட்கார்த்துகிறோம்.

இனி எதிரணியினரைக் காண்போம். “அது விஷம், புற்றுநோய் தரும், தொடாதே” என்போர் இவர்கள். பெரும்பாலும் கல்லூரி படித்த பிள்ளைகள். கேட்டால் அமெரிக்க ஆய்வு என்பார்கள். ஆம், ஆய்வு நடந்தது. 16,608 பெண்களைக் கொண்டு நடந்த அவ்வாய்வின் இருமருந்துப் பகுதி 2002 ஜூலையில் இடைநிறுத்தப்பட்டது. ஓராண்டில் பத்தாயிரம் பெண்களுள் 30 பேருக்கு வரக்கூடிய மார்பகப் புற்று, மருந்துண்டவருள் 38 பேருக்கு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் இரத்தக் கட்டியும் சிறிது கூடின. இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடற் புற்றும் குறைந்தன. அப்பெண்களின் சராசரி வயது 63 என்பதைப் பிள்ளைகள் படிப்பதில்லை. ஐம்பதைத் தொடாமல் கொதிப்பில் துடிக்கும் தாய்க்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா? கருப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் உண்டவர்களிடம் மார்பகப் புற்று கூடவில்லை. அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்குவோர்க்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவர் கருத்து. 2025 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறையே, பெட்டியில் அச்சிட்ட கடும் எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. எல்லார்க்கும் ஏற்றது என்பதற்கில்லை. மார்பகப் புற்று வந்தவர், இரத்தக் கட்டி கண்டவர், ஈரல் நோயுற்றவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர் ஆகியோர் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. அதை மருத்துவர் சொல்லட்டும்; செய்தித்தாளின் தலைப்பு சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டிலேயே இது நடந்தது. நாற்பத்தெட்டாம் வயதில் என் துணைவியாருக்கு இருமருந்தும் சேர்ந்த மாத்திரை தந்தார்கள். குமட்டல், மார்பு நோவு, கெண்டைக்கால் பிடிப்பு, காரணமின்றி அழுகை. எழுதிக் கொடுத்த மருத்துவர் தலை நிமிராமலே, “அப்படித்தான் இருக்கும்” என்றார். அவர் சொன்னது பாதி உண்மை. இத்தொல்லைகள் பல முதல் மூன்று மாதங்களில் தாமே தணியும். மறுபாதியை அவர் சொல்லவில்லை. அதனால் துணைவியார் நாற்பது நாளில் அட்டையைக் குப்பையில் எறிந்தார். எறிந்ததை எனக்குச் சொல்லவில்லை, அழுததையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு வேறோர் அம்மையார் மருத்துவராக வாய்த்தார். குமட்டினால் உணவோடு சேர்த்து உண்ணலாம் என்றார். கால் பிடிப்புக்கு நடையும் கெண்டைக்காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் சொன்னார். தலைவலியோ குமட்டலோ தீராவிட்டால் மாத்திரையை விட்டுத் தோலில் பூசும் ஜெல்லுக்கோ ஒட்டும் பட்டைக்கோ மாறலாம். வழக்கமான அளவில் அவ்வழியே செல்லும் மருந்து இரத்தக் கட்டி அபாயத்தையும் கூட்டுவதில்லை. அழுகையும் மனச்சோர்வும் புரொஜெஸ்டிரோன் வகையினால் ஆகலாம். வகையை மாற்றினால் தீர்வதுண்டு. இயற்கைப் புரொஜெஸ்டிரோன் உறக்கத்தைத் தருவதால் இரவில் உண்ணச் சொன்னார். இவ்வளவுதான்! ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியது. முதல் மருத்துவரிடம் ஐந்து நிமிடம் இல்லை. கணவனாகிய என்னிடம் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தும் ஐந்து நிமிடம் இல்லை.

குதிரை விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். ‘பிரிமரின்’ என்னும் மாத்திரை சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. அமெரிக்காவில் 1942இல் ஒப்புதல் பெற்றது; பிரெக்னன்ட், மேர், யூரின் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களின் துண்டுகளைக் கோத்தே அதற்குப் பெயரிட்டனர். ஒரு சபையில் இச்செய்தி வந்ததும் ஆலிம்கள் இரு கட்சியானோம். நஜீஸ் என்றார் ஒருவர். மூலப்பொருள் தன்மை மாறிவிட்டது என்றார் மற்றவர். நிர்ப்பந்தம் உண்டா இல்லையா என்றார் மூன்றாமவர். இஷா பாங்கு சொல்லும் வரை வாதம் ஓடியது. சோயாவிலிருந்தும் ஒருவகைக் கிழங்கிலிருந்தும் செய்யப்படும் எஸ்ட்ராடியோல் பல்லாண்டுகளாகக் கடைகளில் கிடைக்கிறது என்பதை எங்களுள் ஒருவரும் அறியோம். அறிந்திருந்தால் “அதை மாற்றித் தரச் சொல்” என்ற ஒரே வாக்கியத்தில் சபை கலைந்திருக்கும். அதற்குள் எத்தனை பெண்கள் அச்சத்தில் மருந்தை நிறுத்தியிருப்பார்களோ!

“எங்கள் உம்மாமார் இதெல்லாம் சாப்பிட்டார்களா? பொறுத்துக்கொள்ளவில்லையா?” என்று கேட்கும் முதியோர்க்கும் ஒன்று சொல்வேன். பொறுத்தார்கள். இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்ததையும் பொறுத்தார்கள். ஸப்ரு என்பது வழியிருக்கும்போது வழியை அடைப்பதன்று.

மருந்துண்ணும் பெண் உள்ள வீடுகளில் ஆடவரும் அறிந்திருக்க வேண்டியவை உள. ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கம் கை கால் சோர்ந்து வாய் குழறினாலோ அந்த நேரமே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் நாள் கடத்தலாகாது. மருந்து தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் சிறு உதிரக் கசிவு உண்டாவது வழக்கம். சிலவகை மருந்துமுறையில் மாதந்தோறும் வருவதும் உண்டு. ஆறு மாதம் கடந்தும் தொடர்ந்தால், அல்லது நின்றது மீண்டும் வந்தால், சோதித்தே ஆக வேண்டும். மருந்தே உண்ணாதவர்க்கு, மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி கண்டாலும் அவ்வாறே.

இப்போதும் என்னிடம் காகிதங்கள் வருகின்றன. விடை எழுதுமுன் நான்கு கேள்விகளை எழுதித் திருப்பியனுப்புகிறேன்: என்ன மாத்திரை? யார் எழுதிக் கொடுத்தது? எப்போது தொடங்கியது? கருப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா? தொழுகையின் சட்டத்தை அதற்குக் கீழே எழுதுகிறேன். ஒரு பெரியவர் பள்ளிவாசலில் என்னை நிறுத்தி, “ஆலிம் கேட்கிற கேள்வியா இது?” என்று கடிந்தார். “ஹைளுடைய பாடத்தை எனக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாதிடம் நீங்கள் இப்படிக் கேட்டதுண்டா?” என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் ஒரு காகிதம் வந்தது. அதனுடன் மாத்திரை அட்டையொன்றும் நூலால் கட்டப்பட்டிருந்தது.