எண்ணெய்க் கிணறும் ஆற்று மீனும்

படாளம் சர்க்கரை ஆலையின் வாயிலில் கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கும் காட்சியை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். நெடுநேரம் காத்திருந்து, வண்டியை எடைமேடையில் ஏற்றி, எடைச் சீட்டைக் கையில் வாங்கி மடியில் செருகிக்கொண்ட பின்னரே கரும்பு விவசாயி வீடு திரும்புவார். சீட்டில் கொஞ்சம் குறைந்திருந்தாலும் சண்டைக்கு வருவார். வரவேண்டியதுதான். நெசவாளரும் அப்படியே, சங்கத்தில் நூலை எடை பார்த்து வாங்குவார், நெய்த துணியை எடை பார்த்துக் கொடுப்பார். ஆனால் இவ்விருவருக்கும் ஆதாரமாகிய நீரையும், அந்நீரில் வாழும் மீனையும் அளந்து எழுதி வைத்திருக்கும் சங்கம் ஒன்றையேனும் நமது சுற்றுப்பயணங்களில் நாம் கண்டதில்லை. இக்குறையின் பலன் எத்தகையது என்பதை, எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட ஊர்களின் அனுபவத்தைக் கொண்டு அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

"பாலாற்றங்கரையில் எண்ணெய்க் கிணறு ஏது? இன்ஸ்பெக்டருக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இன்று நம் கரையில் அவ்விதக் கிணறு இல்லை. எனினும், புவியியல் நிபுணர்கள் தங்கள் வரைபடங்களில் 'பாலாறு–பெண்ணாறு படுகை' என ஒரு பகுதியைக் குறித்திருக்கின்றனர் என்பதையும், அதன் கடற்பகுதியில் எண்ணெய் தேடும் உரிமை முன்னரே வழங்கப்பட்டதுண்டு என்பதையும் நம்மவரில் பலர் அறியார். 2020-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், காவிரிப் படுகையில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடை செய்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுவதும், கடலூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் சில வட்டாரங்களும் அதில் அடங்கின. செங்கற்பட்டு அதில் இல்லை. மேலும், 2020 ஜனவரி 16-ஆம் தேதி மத்திய அரசாங்கம் வெளியிட்ட அறிவிப்பின்படி, எண்ணெய் தேடுவதற்கான சோதனைக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அவசியமில்லை என்றாகிவிட்டது. கூட்டமே நடவாதெனில், நமக்குச் செய்தி எவ்வழியில் வரும்? துளையிடும் யந்திரத்தை ஏற்றிய லாரி ஊருக்குள் நுழையும்போதுதான் வரும்.

நாம் எண்ணெய்க்கு விரோதி அல்லோம். நம் அங்கத்தினரின் டிராக்டர் தண்ணீரில் ஓடுவதில்லை. விசைத்தறியில் ஓடும் பாலியெஸ்டர் நூலும் பூமிக்கடியில் கிடைக்கும் எண்ணெயின் பேரப்பிள்ளைதான். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பங்கை வெளிநாடுகளிலிருந்து வாங்கும் தேசம் தன் மண்ணில் எண்ணெய் தேடுவதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. யாருடைய கணக்கில் லாபம் ஏறுகிறது, யாருடைய கணக்கில் நட்டம் ஏறுகிறது, அந்த நட்டத்துக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்பதே நமது கேள்வி.

அஸ்ஸாம் மாகாணத்தில் தின்சுகியா ஜில்லாவில் பாக்ஜான் என்றோர் ஊர் உண்டு. அருகே திப்ரு–சைகோவா வனம். அதையொட்டி மாகுரி–மோட்டாபுங் என்னும் பரந்த நீர்நிலை. அவ்வூரார் இதனை 'பீல்' என்பர்; நம் ஏரி போன்றது, ஆனால் ஆற்று வெள்ளத்தோடு தொடர்புடையது. அங்கே வலை வீசிப் பிழைப்போர் பலர். 2020 மே 27-ஆம் தேதி அவ்வூரிலிருந்த ஆயில் இந்தியா நிறுவனத்தின் 5-ஆம் எண் எரிவாயுக் கிணறு கட்டுக்கடங்காமல் பீறிட்டது. வாயுவோடு கலந்து வந்த எண்ணெய்த் திவலை மழைபோல் வயல்மீதும் தேயிலைமீதும் நீர்மீதும் படிந்தது. ஜூன் 9-ஆம் தேதி கிணறு தீப்பற்றியது. தீயணைக்கும் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். அந்நெருப்பை முற்றிலும் அடக்கியது நவம்பர் 15-ஆம் தேதி. பீறிட்ட நாள் முதல் எண்ணினால் 172 நாட்கள். பீலில் மீன்கள் செத்து மிதந்தன. ஆற்று ஓங்கில் ஒன்றின் உடலும் ஒதுங்கியது.

பின்னர் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நீதிபதி கடாகி அவர்கள் தலைமையில் குழு அமைத்தது. சேதமடைந்த வீடுகள் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டன. முற்றும் அழிந்ததற்கு 25 லட்சம், ஓரளவு சேதத்துக்கு 10 லட்சம், சிறு சேதத்துக்கு 2½ லட்சம் ரூபாய் என்று தொகை வகுக்கப்பட்டது. இதனை நாம் குறை கூறவில்லை. வீடு என்றால் சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது. எரிந்தாலும் சாம்பலையாவது அளக்கலாம். வலைக்காரன் பிடித்திருக்கக் கூடிய மீனை எதைக் கொண்டு அளப்பது? அடுத்த பருவத்தில் முட்டையிட வேண்டிய தாய்மீன் மாண்டதை எந்தத் தரத்தில் சேர்ப்பது? அவன் நேற்று எவ்வளவு பிடித்தான் என்பதற்கே எழுத்து மூலமான சான்று இல்லாதபோது, நாளை பிடிக்காமற் போனதற்குச் சான்று எங்கிருந்து வரும்?

இவ்விஷயத்தில் அமெரிக்க மலைநாட்டார் ஒரு காரியம் செய்திருக்கின்றனர். அங்கே ஓடைகளில் டிரவுட் என்னும் மீன் உண்டு. நீலகிரியில் அவலாஞ்சியில் வெள்ளைக்காரர் கொணர்ந்து வளர்த்த மீனும் அதன் உறவினம்தான். குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில்தான் அது வாழும். கரையோர மரங்களை வெட்டினால் நீர் சூடேறும்; அதற்கு ஆகாது. கிணற்றுக்குப் பாதை போடும்போது கரையும் மண் ஓடையின் கூழாங்கற்களை மூடினால் முட்டை பொரியாது. பாறையைப் பிளந்து வாயு எடுக்க ஒரு கிணற்றுக்கே கோடிக்கணக்கான லிட்டர் நீர் வேண்டும். கோடையில் அதனைச் சிற்றோடையிலிருந்து இறைத்தால் மீனுக்கு நீச்சல் நீரும் மிஞ்சாது. பூமியின் ஆழத்திலிருந்து வாயுவோடு மேலே வரும் நீரோ கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்பு.

பென்சில்வேனியா மாகாணத்தில் இவ்விதக் கிணறுகள் பெருகிய காலத்தில், 1959-இல் மிச்சிகனில் தொடங்கப்பட்ட 'டிரவுட் அன்லிமிடெட்' என்னும் தூண்டிற்காரர் சங்கம், தன் அங்கத்தினர்களுக்கே நீர் அளக்கப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் குறித்த ஓடையில் குறித்த இடத்துக்குச் சென்று, நீரின் மட்டத்தையும் அதிலுள்ள உப்பையும் கருவியால் அளந்து எழுதி வரலாயினர். விஞ்ஞானிகள் அல்லர்; ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறவர்கள்.

இதனால் என்ன பயன் என்பதற்கு கென்டக்கி மாகாணத்தின் ஏக்கார்ன் ஃபோர்க் ஓடை ஓர் உதாரணம். அது டிரவுட் ஓடையன்று. ஆனால் அரிய சிறு மீனினம் ஒன்று அங்கே வாழ்ந்தது. 2007-இல் எரிவாயுக் கிணறுகளிலிருந்து ரசாயன நீர் அந்த ஓடையில் கலந்தது. உடனே நீரும் மீனும் சேகரிக்கப்பட்டன. நீரின் மின்கடத்தும் அளவு, அதாவது உப்பைக் காட்டும் அளவு, 200-லிருந்து 35,000-க்கு ஏறியிருந்தது, நீர் புளித்திருந்தது, மீன்களின் செவுள்களில் புண்கள் இருந்தன. அந்நாட்டு அரசாங்க ஆய்வாளர்கள் இவற்றை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். ஆறு ஆண்டுகள் சென்றும் எவராலும் மறுக்க முடியாதபடி விஷயம் நின்றதற்கு, '200' என்ற அந்தப் பழைய எண்ணே காரணம் என்பது நமது அபிப்பிராயம். முன்னர் இருந்த எண் தெரியாதெனில், 35,000 என்பதைப் பார்த்து, "இங்கே எப்போதும் இப்படித்தான்" என்று ஒரு வக்கீல் வாதாடியிருப்பார்.

நம் நாட்டுக்கு வருவோம். காவிரிப் படுகையில் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-ஆம் தேதி எண்ணெய்க் குழாயில் கசிவு கண்டு ஊரார் திரண்டதும், தடியடி நடந்ததும், பலர் சிறை சென்றதும் அங்கத்தினர்கள் பத்திரிகையில் படித்தவையே. அதற்கு முன் அதே ஆண்டு பிப்ரவரியில் நெடுவாசல். இப்போராட்டங்களும் சேர்ந்தே 2020-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி வகுத்தன. எனினும், ஏற்கெனவே நடந்து வந்த கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை. ஆகவே அங்கேயும் வாய்க்கால் நீரின் கணக்கு வேண்டியதாகவே இருக்கிறது.

நம் கடற்கரைக்கு இன்னும் அருகில் நடந்தது எண்ணூர் விபத்து. இது கிணறு அன்று, சுத்திகரிப்பு ஆலை எண்ணெய். நீருக்கு இரண்டும் ஒன்றே. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் பரவியது. அதே கால்வாய்தான் தெற்கே மாமல்லபுரத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் தொட்டுச் செல்கிறது. அரசாங்கம் 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாயும், 787 படகுகளைச் செப்பனிட 10,000 ரூபாய் வீதமும் அறிவித்தது. நாள்தோறும் இறால் தடவிப் பிழைப்பவருக்கும், வாரம் ஒரு நாள் வலை போடுபவருக்கும் தொகை ஒன்றே. வேறு எப்படிக் கொடுப்பது? பிரித்துக் கொடுக்க எவரிடத்தில் ஏடு இருந்தது?

ஏடு இருந்தாலும் பணம் விரைவில் வந்துவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. நம் பாலாற்றின் கதையே அதற்குச் சாட்சி. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைக் குறித்து உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் அமைந்த அதிகார சபை 2001-இல், 15,164.96 ஹெக்டேர் நிலம் கெட்டதெனவும், 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் சேரவேண்டும் எனவும் கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தோம், தலைக்குச் சராசரி 9,200 ரூபாயைத் தொடவில்லை. 2025 ஜனவரி 30-இல் உச்சநீதிமன்றம் அதே விவகாரத்தில் மீண்டும் தீர்ப்புக் கூற நேர்ந்தது. நஷ்ட ஈடு சேராதவர்களுக்குச் சேர்க்குமாறு அதில் உத்தரவிட்டது. இருபத்தெட்டு ஆண்டுகள்! ஆனாலும், ஹெக்டேர் என்று ஒன்று இருந்ததால் நிலத்துக்காரர் பெயர் பட்டியலில் ஏறிற்று. பட்டா இல்லாத மீன்காரருக்குக் காட்ட ஹெக்டேர் ஏது?

"பாலாற்றில் மணலே இல்லை, மீன் எங்கே?" என்று சிரிப்பவர்கள், ஐப்பசி வெள்ளத்துக்குப் பின் வயலூர் முகத்துவாரத்துக்கு ஒரு காலை சென்று பார்க்கட்டும்.

நமது வட்டாரத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். ஏரிமீன் பிடிக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை முன்பு பார்வையிட்டோம். ரொக்கப் புத்தகம் ஒழுங்கு. குத்தகை ரசீதுகள் ஒழுங்கு. மினிட் புத்தகத்தில் கையெழுத்துகள் கூட ஒழுங்கு. மீன் வரவுப் புத்தகம் மட்டும் மூன்றாண்டுகளாக வெள்ளைத்தாள். காரியதரிசியைக் கேட்டோம். "மீனா வந்து கணக்குக் கேட்கப் போகிறது, ஐயா?" என்றார். நாமும் சிரித்துவிட்டு, குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டு வந்தோம். அது நமது தவறு. அடுத்த கோடையில் எங்கிருந்தோ வந்த லாரி ஒன்று இரவில் கழிவைக் கொட்டிச் சென்றது. விடிந்தபோது கரை முழுவதும் வெள்ளையாய் மீன் மிதந்தது. சங்கத்தார் மனு எழுதி ஓர் அலுவலகத்துக்குச் சென்றனர். "சாதாரணமாக ஆண்டுக்கு எத்தனை கிலோ பிடிப்பீர்கள்? ஆதாரம் உண்டா?" என்று கேட்டார்கள். வெள்ளைத்தாளைக் காட்ட முடியுமா? மனு அங்கேயே தங்கிவிட்டது. வலை வாங்கச் சங்கத்தில் கடன் பெற்ற பதினொரு பேரின் தவணை இன்றும் நிலுவையில் நிற்கிறது. தணிக்கையில் அவர்களைத் 'தவணை தவறியோர்' என்று எழுதியது நமது பேனாதான்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும், எண்ணெய்க் கிணறு வருமா வராதா என்று காத்திராமல், நீர்ப் புத்தகம் ஒன்று தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மாதம் இருமுறை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. குறித்த கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடி. ஏரியிலோ ஓடையிலோ நீரின் உப்பு எவ்வளவு. அன்று எத்தனை வலை, என்ன மீன், எத்தனை கிலோ. உப்பை அளக்கும் சிறு கருவியை டி.டி.எஸ். மீட்டர் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். சட்டைப் பையில் அடங்கும். நெசவாளர் சங்கங்கள் சாயத்தொட்டிக்கு எடுக்கும் நீரையும் இவ்வாறே அளக்கலாம். நீர் உவர்த்தால் சாயம் மங்கும் என்பது அவர்கள் கைகண்ட விஷயம். நம்மைவிட அவர்களுக்கே அது முதலில் தெரியும்.

பக்கங்களுக்கு எண் இட்டு, சங்கத்தின் முத்திரை வைத்து, மகாசபையில் தீர்மானம் இயற்றித் தொடங்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் சுருக்கொப்பம் வேண்டும். பதிவு ஒவ்வொன்றிலும் இரண்டு அங்கத்தினர் கையெழுத்து அவசியம். ஒருவர் மட்டும் எழுதிய கணக்கு எத்தகையது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மேலே சொன்ன மீனவர் சங்கத்தில் இப்போது அப்புத்தகம் தொடங்கப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் பார்வையிட்டோம். முதற்பக்கத்தில்: வலை ஆறு, கெண்டை 14 கிலோ, கெளுத்தி 3, விரால் 2. காரியதரிசியின் கையெழுத்து இருந்தது. இரண்டாவது கையெழுத்து இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.