பூமி சூடேறுகிறது: கோர்படித் தமிழர் ஒதுங்கி நிற்பதா?



"அப்பப்பா, என்ன வெயில்!" என்று முந்தானையால் விசிறிக்கொள்வதோடு நம் அரசியல் முடிந்துவிடுகிறது. இந்த வெயில் யாரால் ஏறியது, யார் தலையில் இறங்குகிறது என்று நாம் கேட்பதில்லை. நாம் கேட்காமல் இருப்பதில் சிலருக்கு மிகுந்த லாபம் இருக்கிறது.

பிழைப்பு தேடி வந்த நம் முன்னோருக்குப் புனே குளுமையான ஊர். அதே புனேயில் 2019 ஏப்ரல் 28 அன்று வெப்பம் 43 டிகிரியைத் தொட்டது. "1897இலும் 43.3 அடித்ததே, அப்போது எந்த மோட்டார் ஓடியது?" என்று டீக்கடையில் ஒருவர் மடக்குவார். அடித்தது உண்மைதான். ஓர் ஊரில் ஒரு நாள் அடித்த வெயில் வேறு. பூமி முழுவதும் ஆண்டுக்கணக்கில் காய்ச்சல் ஏறுவது வேறு. கணக்கெடுக்கத் தொடங்கிய காலம் முதல் 2024 முடிய மிகச் சூடாக இருந்த பத்து ஆண்டுகள் எவை தெரியுமா? 2015 முதல் 2024 வரையிலான பத்தும்தான். 2024இல் உலகின் சராசரி வெப்பம், தொழிற்சாலைப் புகை பெருகுவதற்கு முன்பிருந்த அளவைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கூடிவிட்டது என்று உலக வானிலை அமைப்பு சொல்லியது.

ஒன்றரை டிகிரிதானே என்று நினைக்க வேண்டாம். உடம்பில் ஒன்றரை டிகிரி கூடினால் வேலைக்குப் போவோமா?

இந்த வெயில் எல்லோருக்கும் பொது என்று சொல்வது பொய். கோரேகாவ் பார்க் மாடியில் ஏ.சி. ஓடுகிறது, உள்ளே குளிர்ச்சி, வெளியே அனல். கொஞ்ச தூரத்தில் கோர்படியில், நாம் பத்ரா என்று சொல்லும் தகரக் கூரையின் கீழே, பகல் முழுவதும் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் கக்கும் சுவர்களுக்கு நடுவே, நம் பிள்ளைகள் பாயை நனைத்துப் போட்டுப் படுக்கிறார்கள். தூக்கமில்லாமல் விடிந்ததும் அப்பன் நாக்காவில் கூலிக்கு நிற்கிறான், அம்மா நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். வெயிலுக்கு விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போயிற்று. நவிமும்பை கார்கரில் 2023 ஏப்ரல் 16 அன்று அரசு விருது விழாவுக்கு வந்து திறந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பத்துப் பேருக்கும் மேல் வெயில் தாக்கி மாண்டார்கள். மேடைக்குப் பந்தல் இருந்தது. மக்களுக்கு இல்லை.

இந்தக் காய்ச்சலை மூட்டியவர் யார்? நிலக்கரியையும் பெட்ரோலையும் இருநூறு ஆண்டுகளாக எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகள் முதல் குற்றவாளிகள். இன்றைக்கும் ஓர் அமெரிக்கர் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு. ஓர் இந்தியர் தலைக்குச் சுமார் 2 டன். அந்த 2 டன்னும் சராசரிதான். மூன்று கார் வைத்திருப்பவரையும், சைக்கிளில் போகும் கொத்தனாரையும் கூட்டி வகுத்து வந்த எண் அது. பணக்கார நாடுகள் முதலில் குறைக்கட்டும், இழப்பீடும் தரட்டும் என்று நம் அரசு உலக மாநாட்டில் பேசும்போது நாம் கை தட்டுவோம். ஆனால் அதே வாயால் உள்ளூரில் மரத்தை வெட்டுவதற்கு அனுமதி கொடுத்தால் எந்தக் கையால் தட்டுவது?

தண்ணீரும் இதே கதைதான். சூடேறிய கடல் அதிகம் ஆவியாகிறது. சூடான காற்று அதைத் தாங்கி நின்று ஒரே நாளில் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! நம்மில் எத்தனை பேர் அன்று ஊருக்குப் போன் போட்டு, மணி அடிக்காமல் தவித்தோம்! இங்கேயும் 2019 செப்டம்பர் 25 இரவு ஆம்பில் ஓடை பெருக்கெடுத்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. 2024 ஜூலை வெள்ளத்தில் டெக்கான் பக்கம் முட்டை வண்டியைப் பத்திரமாக நகர்த்தப் போன மூன்று இளைஞர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மழை எங்கும் பெய்தது, செத்தது தள்ளுவண்டிக்காரன்.

இப்படிப்பட்ட காலத்தில் நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? கோர்படிக்கு வடக்கே ஓடும் முளா-முட்டா ஆற்றை அழகுபடுத்துகிறோம் என்று 44 கிலோமீட்டர் கரைத் திட்டம் போட்டார்கள். 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். பண்ட் கார்டன் பக்கத்தில் ஆயிரக்கணக்கான மரங்களுக்குக் கோடாலி என்று தெரிந்ததும் 2023 ஏப்ரலில் புனே மக்கள் ஊர்வலம் போய் மரங்களைக் கட்டிப் பிடித்தார்கள். மரத்தை இழந்தால் நிழல் எங்கே, ஆற்றை ஒடுக்கினால் வெள்ளம் எங்கே போகும் என்று கேட்டார்கள். நல்ல கேள்விகள். அந்தக் கூட்டத்தில் கோர்படித் தமிழர் எத்தனை பேர்?

"நாம் பிழைக்க வந்தவர்கள், மராத்திக்காரர் ஊர் விவகாரம் நமக்கு எதற்கு?" என்பது பழைய பல்லவி. இங்கே பிறந்து, இங்கே வரி கட்டி, ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வைத்திருப்பவன் எப்படி விருந்தாளி ஆவான்? மாநகராட்சியில் 2022 மார்ச் முதல் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இல்லாமல் அதிகாரி ஆட்சி நடந்தது. 2026 ஜனவரியில்தான் தேர்தல் வந்தது. கை கூப்பி வாக்குக் கேட்டவர்களை இனி நம் சந்துக்கு அழைத்து, மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குப் பத்ராவின் கீழே உட்கார வைக்க வேண்டும்.

முடியாத எதையும் நாம் கேட்கவில்லை. 2010 மே மாத அனலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013இல் வெப்பத்துக்கென்றே ஒரு செயல்திட்டம் வகுத்தது: முன்னெச்சரிக்கை, ஆஸ்பத்திரியில் தயார்நிலை, குடிநீர், பின்னர் ஏழைகளின் கூரைக்கு வெள்ளை பூசினார்கள். ஒரு வாளி சுண்ணாம்பு சில டிகிரியைக் குறைக்கிறது! தமிழ்நாட்டு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணையிட்டது. நாக்காவில் நிழலும் தண்ணீரும், உச்சி வெயில் நேரத்தில் வேலை நிறுத்தம், அதற்குக் கூலி வெட்டு இல்லை, கூரைக்கு வெள்ளை, இருக்கும் மரத்துக்குக் காவல் என்று நாம் கேட்டால் யார் மறுக்க முடியும்?

மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975இலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வெட்டுவதற்கு முன் மரத்தின் மேலேயே அறிவிப்பு ஒட்டி மக்களிடம் ஆட்சேபம் கேட்க வேண்டும். அந்தக் காகிதம் மராத்தியில் இருக்கிறதென்று தாண்டிப் போகாதீர்கள். மராத்தி படித்த நம் பிள்ளைகளை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களையே ஆட்சேபத்தையும் எழுதச் சொல்லுங்கள். எதிர்வீட்டு மராத்தி அண்ணாச்சியிடமும், மாவ்ஷியிடமும் கையெழுத்துக் கேளுங்கள், வெயில் அவர்களையும்தான் சுடுகிறது. மனுவை இரண்டு நகலாக எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.